அட்லாண்டாவின் ஆபர்ன் அவென்யூ: கிங் குடும்பத்தின் தெரு

மார்ட்டின் லூதர் கிங்கின் கல்லறை முன்னால் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறவர்கள் அதிகம். அவர் பிறந்த வீடும், தாத்தா, அப்பா, அவர் என மூன்று தலைமுறை போதகர்கள் பிரசங்கித்த தேவாலயமும் அதே தெருவில்தான் இருக்கின்றன. இந்தக் குடும்பத்தை அறிந்துகொள்ள ஒரு முழுப் பகல் வேண்டும்.

விமான நிலையத்திலிருந்து நகர ரயிலான மார்ட்டாவில் நேராக பீச்ட்ரீ சென்டர் வந்து, அங்கே டிராம் ஏறி 'கிங் ஹிஸ்டாரிக் டிஸ்ட்ரிக்ட்' நிறுத்தத்தில் இறங்குங்கள். 'கிங் மெமோரியல்' என்று ஒரு ரயில் நிலையமும் உண்டு. பெயரை நம்பி அங்கே இறங்கினால் நல்ல வெயிலில் கணிசமாக நடக்க வேண்டியிருக்கும். ஜனவரி மாதத்தின் மூன்றாம் திங்கட்கிழமை கிங் விடுமுறை. அதை ஒட்டிய நாள்களில் கூட்டம் நெரியும், வீட்டை நிதானமாகப் பார்க்க முடியாது.

முதலில் 450ஆம் எண்ணிலுள்ள வருகையாளர் மையம். அனுமதி இலவசம். வெளியே காந்தி சிலை நிற்கிறது. 1959இல் கிங்கும் மனைவி கொரெட்டாவும் இந்தியா வந்து கன்னியாகுமரி வரை போனவர்கள்.

பிறந்த வீடு 501ஆம் எண். ரேஞ்சர் (பூங்காத் துறை ஊழியர்) அழைத்துப்போகும் சுற்றில் 15 பேருக்குத்தான் இடம். அன்றன்றைக்கு நேரில் பதிவதுதான் வழக்கம், தாமதமாகப் போனால் கிடைக்காது. 2023 நவம்பரில் மராமத்துக்காக வீட்டை மூடினார்கள். அதனால் கிளம்பும் முன் தேசியப் பூங்காத் துறையின் தளத்தில் நிலவரம் பாருங்கள்.

இது அம்மா வழி வீடு. தாத்தா ஏ. டி. வில்லியம்ஸ் 1909இல் 3,500 டாலருக்கு வாங்கினார். 1926இல் மகள் ஆல்பர்ட்டாவைக் கட்டிய மூத்த கிங் (மார்ட்டினின் அப்பா) இங்கே வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தார். அவர்களின் பிள்ளைகள் கிறிஸ்டின், மார்ட்டின், தாத்தா பெயரையே கொண்ட ஏ. டி. மூவரும் பிறந்தது இங்கேதான். 1941இல் பாட்டி இறந்தபோது, 12 வயது மார்ட்டின் துக்கம் தாங்காமல் மாடி ஜன்னலிலிருந்து குதித்தான்.

அடுத்து எபனேசர் தேவாலயத்தின் பழைய கட்டடம். இங்கே உட்கார்ந்து யோசிக்க வேண்டியது ஆல்பர்ட்டாவைப் பற்றி. 1968இல் மூத்த மகன் மார்ட்டின் கொல்லப்பட்டார். மறு ஆண்டு இளைய மகன் ஏ. டி. நீச்சல் குளத்தில் இறந்துகிடந்தார். 1974 ஜூன் 30, ஞாயிறு ஆராதனையில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த ஆல்பர்ட்டாவையே ஒருவன் சுட்டுக் கொன்றான். தகவல் பலகைகளில் அவர் பெயரைத் தேடிப் படியுங்கள்.

பக்கத்திலுள்ள, கிங்கின் நினைவு நிறுவனமான கிங் மையத்தை 1968இல் கொரெட்டா தன் வீட்டு அடித்தளத்தில் தொடங்கினார். அப்போது கடைக்குட்டி பெர்னிசுக்கு 5 வயது. இன்று அதை நடத்துபவர் அவர்தான். கிங்கின் மற்ற பிள்ளைகளில் யோலண்டா 2007இலும் டெக்ஸ்டர் 2024இலும் காலமானார்கள். நோபல் பதக்கத்தையும் பைபிளையும் விற்பதா என்பதில் பிள்ளைகளிடையே வழக்கும் நடந்தது. கிங்குக்கு ஒரே பேத்தி, 2008இல் பிறந்த யோலண்டா ரெனே.

நேரம் மிஞ்சினால் கார் எடுத்து சவுத்-வியூ கல்லறைத் தோட்டம் போங்கள். கிங்கின் பெற்றோரும் தம்பியும் அங்கே இருக்கிறார்கள். 1970 வரை கிங்கின் உடலும் அங்கேதான் இருந்தது. கொரெட்டா பிள்ளைகளை வளர்த்த வீடு வைன் சிட்டியில் சன்செட் அவென்யூ 234. அதைத் தெருவிலிருந்து பாருங்கள். அக்கம்பக்கத்தில் குடும்பங்கள் வசிக்கின்றன, அவர்கள் வாசலில் காரை நிறுத்தாதீர்கள்.