குறைந்த விலை ஏடிசியை வைத்து ஆம்ப்ளிஃபயரை அளப்பது

ஓர் ஆம்ப்ளிஃபயரின் டிஸ்டார்ஷனை (உள்ளே போன அலை வெளியே வரும்போது எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை) லட்சத்தில் ஒரு பங்கு வரை அளக்க வேண்டுமென்றால், அமெரிக்காவின் ஆடியோ பிரிசிஷன் போன்ற நிறுவனங்கள் செய்யும் பல லட்ச ரூபாய் அனலைசர் கையில் இருக்க வேண்டும் என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. கிருஷ்ணகிரி பக்கம் ஆம்ப் அசெம்பிள் செய்பவர்களில் பெரும்பாலோருக்கு அத்தகைய கருவியைப் பார்க்கும் வாய்ப்பே கிடைத்திருக்காது. மல்டிமீட்டர், பழைய ஆசிலாஸ்கோப், பழகிய காது ஆகிய மூன்றையும் கொண்டே வேலை நடந்தது. ஆசிலாஸ்கோப் திரையில் சைன் அலை கெட்டிருப்பது கண்ணுக்குத் தெரிவதற்குள் டிஸ்டார்ஷன் சில சதவீதத்தை எட்டியிருக்கும். அதற்குக் கீழே நடப்பதெல்லாம் ஊகந்தான்.

இப்போது அந்த நிலை மாறிவிட்டது. இஎஸ்எஸ் நிறுவனத்தின் இஎஸ்9822 ப்ரோ என்ற சிப்பை வைத்துச் செய்யப்பட்ட காஸ்மோஸ் ஏடிசி (அனலாக் சிக்னலை எண்களாக மாற்றிக் கணினிக்குக் கொடுக்கும் கருவி) போன்ற சிறு பெட்டிகள், வரியும் அஞ்சல் செலவும் சேர்த்தாலும் ஒரு நடுத்தர லேப்டாப்பின் விலையைத் தாண்டுவதில்லை. ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற அளவீட்டு மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. இவை இரண்டும் இருந்தால், டிஸ்டார்ஷனையும் இரைச்சலையும் பொறுத்தவரை, பழைய தலைமுறை அனலைசர்கள் பலவற்றைவிட நுட்பமாக அளக்க முடியும். ஆனால் விலை குறைந்தது சிப்புக்குத்தான். அந்தச் சிப்புக்கு முன்னால் இருக்க வேண்டிய அட்டென்யுவேட்டர் (வோல்டேஜைக் குறைக்கும் சுற்று), பாதுகாப்பு, எர்த் இணைப்பு, வோல்டேஜ் கேலிப்ரேஷன் (திரை காட்டும் அளவை உண்மை அளவோடு பொருத்துவது) ஆகியவற்றைத்தான் விலை உயர்ந்த அனலைசர் தன் பெட்டிக்குள் வைத்திருக்கிறது. நாம் மிச்சம் பிடித்த பணத்துக்கு ஈடாக அவற்றை நாமே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் அட்டென்யுவேட்டரை எடுத்துக்கொள்வோம். நம் ஊர் சவுண்ட் சர்வீஸ் ஆம்ப்கள் பெரும்பாலும் 5200, 1943 டிரான்சிஸ்டர் ஜோடிகளை வரிசையாகப் போட்டுச் செய்யப்பட்டவை. அப்படி ஓர் ஆம்ப் 8 ஓம் லோடில் 100 வாட் கொடுக்கும்போது வெளியீட்டில் 28.3 வோல்ட் நிற்கும். ஏடிசியோ சில வோல்ட்டைத்தான் தாங்கும். ஆகவே 9.1 கிலோ ஓம், 1 கிலோ ஓம் என்று இரண்டு மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்களைத் தொடராகப் போட்டு, ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அளவீட்டுக்கென்று செய்யப்படும் மலிவான ஏடிசிகளில், இரைச்சலைக் குறைப்பதற்காக, உள்ளீட்டு ரெசிஸ்டன்ஸ் மிகவும் தாழ்வாகவே வைக்கப்பட்டிருக்கும். அது 10 கிலோ ஓம் என்று வைத்துக்கொண்டால்கூட, கீழே இருக்கும் 1 கிலோ ஓமுடன் இணையாகச் சேர்ந்து அதை 909 ஓமாக ஆக்கிவிடும். வோல்டேஜ் 8 சதவீதத்துக்கு மேல் குறைவாகத் தெரியும். வாட்ஸ் கணக்கில் அது வர்க்கமாகிவிடுவதால், 100 வாட் ஆம்ப் திரையில் 84 வாட்டாகத்தான் தெரியும். ஆம்ப் செய்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை மூட்டிவிட இந்த ஒன்றே போதும்.

இதற்குத் தீர்வு எளியது. ரெசிஸ்டர் மதிப்பை வைத்துக் கணக்குப் போடாமல், ஏடிசியை மாட்டிய நிலையிலேயே கேலிப்ரேஷன் செய்துவிட வேண்டும். ட்ரூ ஆர்எம்எஸ் மல்டிமீட்டர் ஒன்றை ஆம்ப் வெளியீட்டில் வைத்து, 80 ஹெர்ட்ஸ் சைன் அலையைக் கொடுத்து, மீட்டர் காட்டும் வோல்ட்டை மென்பொருளில் பதிந்துகொள்ளலாம். 1 கிலோ ஹெர்ட்ஸில் பல மீட்டர்கள் நம்பகமாகக் காட்டுவதில்லை. 80 ஹெர்ட்ஸ் அவற்றின் எல்லைக்குள் இருக்கிறது, மின்சார வாரியத்தின் 50 ஹெர்ட்ஸோடும் அதன் மடங்குகளோடும் மோதுவதுமில்லை. ஏடிசியின் ரேஞ்சை மாற்றினால் உள்ளீட்டு ரெசிஸ்டன்ஸும் மாறக்கூடும் என்பதால், ஒவ்வொரு ரேஞ்சுக்கும் தனித்தனியாக இதைச் செய்து ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

கிளாஸ் டி (அலையை வேகமான ஆன்-ஆஃப் துடிப்புகளாக்கிப் பெருக்கும் வகை) போர்டுகளை அளப்பவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிபிஏ3116 போன்ற சிப்களைக் கொண்டு வரும் மலிவான போர்டுகளில் ஸ்பீக்கர் முனைகள் இரண்டுமே உயிருள்ளவை. எதுவும் கிரவுண்ட் கிடையாது. ஏடிசியின் கிரவுண்டை அவற்றில் ஒன்றில் கவ்வ விட்டால், போர்டின் சப்ளை கிரவுண்டும் லேப்டாப்பின் கிரவுண்டும் எங்காவது ஒன்றுசேர்ந்திருக்கும் நிலையில், வெளியீடு நேராக ஷார்ட் ஆகும். இரண்டு முனைகளையும் பேலன்ஸ்டு உள்ளீட்டின் (இரண்டு கால்களுக்கு இடையிலான வோல்டேஜ் வித்தியாசத்தை மட்டும் எடுக்கும் உள்ளீட்டின்) இரண்டு கால்களுக்கும் தனித்தனி அட்டென்யுவேட்டர் வழியாகக் கொண்டுபோவதே சரியான முறை.

எர்த் விஷயம் எங்கள் பகுதிக்கே உரிய தலைவலி. கிருஷ்ணகிரியைச் சுற்றி மண் என்பது கருங்கல்மீது போர்த்திய மெல்லிய போர்வை. எர்த் பைப்பை ஆழமாக இறக்க வழியில்லாத இடங்களில், கரியும் உப்பும் கொட்டி, கோடையில் தண்ணீர் ஊற்றினால்தான் எர்த் என்று ஏதாவது இருக்கும். எர்த் சரியில்லாத வீட்டில் சார்ஜர் மாட்டிய உலோக உடல் லேப்டாப்பைப் புறங்கையால் தடவினால் ஒரு மெல்லிய அதிர்வு தெரியும். சார்ஜரின் உள்ளே இருக்கும் சிறு கப்பாசிட்டர்கள் வழியாகக் கசியும் மின்னோட்டம் அது. ஆளுக்குப் பெரிய ஆபத்தில்லை. ஆனால் அதே கசிவு ஏடிசி கேபிளின் ஷீல்டு வழியாக ஆம்ப்பின் கிரவுண்டுக்குப் போகும்போது, திரையில் 50, 100, 150 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகக் கம்பம் நட்டதுபோல் கோடுகள் எழும்பும். அளக்கும் நேரத்தில் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டினால் அவற்றில் பெரும்பகுதி படுத்துவிடும். கழற்றிய பிறகும் 100 ஹெர்ட்ஸ் அசையாமல் நின்றால், அது ஆம்ப்பின் பவர் சப்ளையிலிருந்து வருவது. ஃபில்டர் கப்பாசிட்டர்களின் கிரவுண்ட் ஒயர் எந்த வழியாகப் போகிறது என்று பார்க்க வேண்டிய நேரம் அது.

திரையில் தெரியும் எண்ணைப் புரிந்துகொள்வதில் இன்னொரு பொறி உள்ளது. இரைச்சல் கோடு மைனஸ் 155 டெசிபலில் (ஏடிசியின் உச்ச அளவைவிட 155 டெசிபல் கீழே) ஓடுவதைப் படம்பிடித்து, தங்கள் கருவியின் இரைச்சல் அவ்வளவு குறைவு என்று எழுதுபவர்கள் உண்டு. 65,536 புள்ளி எஃப்எஃப்டி (சிக்னலை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் கணக்கு) போட்டால், மொத்த இரைச்சல் 32,768 சிறு பட்டைகளாகப் பிரிந்துவிடுகிறது. ஒவ்வொரு பட்டையிலும் அது 45 டெசிபல் தாழ்வாகத் தெரிகிறது. மைனஸ் 155இல் ஓடும் கோட்டுக்கு உண்மையான மொத்த இரைச்சல் மைனஸ் 110 அளவில்தான் இருக்கும். 24 பிட் என்ற பெயருக்குக் கணக்குப்படி 146 டெசிபல் வர வேண்டும்; ஆடியோ ஏடிசிகள் நடைமுறையில் அதை நெருங்குவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த சோதனையை இனிச் சொல்கிறேன். ஏடிசிக்கும் சொந்தமாக டிஸ்டார்ஷன் உண்டு. ஆம்ப்பின் இரண்டாம் ஹார்மோனிக் (கொடுத்த அதிர்வெண்ணின் இரண்டு மடங்கில் டிஸ்டார்ஷனால் எழும் அலை) மைனஸ் 110, ஏடிசியுடையதும் மைனஸ் 110 என்றால், இரண்டும் ஒரே திசையில் சேரும்போது மைனஸ் 104 என்று காட்டும். எதிர்த்திசையில் சேர்ந்தால் ஒன்றையொன்று தின்றுவிட்டு, உலகத் தரத்தில் ஓர் ஆம்ப் செய்துவிட்டதாக நம்மை ஏமாற்றும். இதைக் கண்டுபிடிக்க, பேலன்ஸ்டு உள்ளீட்டின் இரண்டு கால்களையும் இடம் மாற்றி மாட்டி மீண்டும் அளந்தால் போதும். சிக்னல் தலைகீழாகும்போது ஆம்ப்பின் இரண்டாம் ஹார்மோனிக்கும் சேர்ந்து தலைகீழாகும். ஏடிசிக்குள் பிறப்பது மட்டும் அப்படியே நிற்கும். இரண்டு முறையும் எண் மாறினால், அதில் இருவருக்கும் பங்கு இருக்கிறது. எண் ஒன்றாக வந்தால், பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் அங்கே மேலோங்கி நிற்கிறது, மற்றது எண்ணைக் கெடுக்கவில்லை என்று கொள்ளலாம். மூன்றாம் ஹார்மோனிக்குக்கு இந்தத் தந்திரம் பலிக்காது, ஏனெனில் அங்கே இரண்டுமே சேர்ந்துதான் புரளும். அதற்கு, ஆம்ப்பைத் தொடாமல் அட்டென்யுவேட்டரில் மட்டும் 6 டெசிபல் குறைத்துப் பார்க்க வேண்டும். விகிதம் மாறாமல் நின்றால் அது ஆம்ப்புடையது. மாறினால் அதில் ஏடிசிக்கும் பங்கு இருக்கிறது. ஏடிசியின் டிஸ்டார்ஷன் ஆம்ப்பைவிட 20 டெசிபல் கீழே இருந்தால், பிழை 1 டெசிபலுக்குள் அடங்கிவிடும் என்பதால் இந்தக் கவலையே வேண்டாம். நம் ஊர் அசெம்பிள் ஆம்ப்களில் பெரும்பாலானவை இந்த வகையில்தான் சேரும்.

அதைவிடவும் கீழே போக விரும்புகிறவர்கள் ட்வின்-டி நாட்ச் ஃபில்டர் ஒன்றைச் சால்டர் செய்துகொள்ளலாம். அது 1 கிலோ ஹெர்ட்ஸ் அடிப்படை அலையை மட்டும் வெட்டி எறிந்துவிடுவதால், ஏடிசிக்கு ஹார்மோனிக்குகளை மட்டும் பார்க்கும் வேலைதான் மிஞ்சும். அதன் சொந்த டிஸ்டார்ஷன் தலைதூக்க இடமிருக்காது. ஆனால் இந்த எளிய ஃபில்டர் இரண்டாம் ஹார்மோனிக்கையும் 9.1 டெசிபல், மூன்றாவதை 5.1 டெசிபல் என்று தானும் கடித்துக்கொள்ளும். அதைக் கணக்கில் திரும்பக் கூட்டிக்கொள்ள வேண்டும். ரெசிஸ்டர்களைவிட கப்பாசிட்டர்களைப் பொறுக்கி எடுப்பதற்கே நேரம் பிடிக்கும். செராமிக் வகைகளில் பல தாமே டிஸ்டார்ஷனை உண்டாக்கும் என்பதால், பாலிப்ரொப்பிலீன் வகையை வாங்குவதே நல்லது.

ஆடி மாதம் நெருங்கினால், கோயில் திருவிழாவுக்கும் தெருக்கூத்துக்கும் ஆம்ப் ஏற்றிப்போகும் சவுண்ட் சர்வீஸ்காரர்கள் கேட்பது மைனஸ் 110ஐ அல்ல. “உண்மையா எத்தனை வாட்ஸ்ணா வருது?” என்பதுதான் அவர்கள் கேள்வி. அதற்காக, 8 ஓம் டம்மி லோடில் (ஸ்பீக்கருக்குப் பதிலாக மாட்டும் பவர் ரெசிஸ்டரில்) டிஸ்டார்ஷன் 1 சதவீதத்தைத் தொடும் இடத்தின் வாட்ஸ், பிறகு 4 ஓமில் அதே கணக்கு, கடைசியாக உள்ளீட்டை ஷார்ட் செய்துவிட்டு அளந்த ஹம் (மின்சாரத்திலிருந்து வரும் ரீங்காரம்) ஆகிய மூன்று எண்களை ஒரு சீட்டில் எழுதி ஆம்ப்பின் மேல் மூடிக்குள் ஒட்டிக் கொடுத்துவிடுகிறேன். அடுத்த முறை அதே ஆம்ப் பழுதாகி வரும்போது, அந்தச் சீட்டில் உள்ள எண்களைத்தான் முதலில் பார்க்கிறேன்.