எங்க ஊரு ஏத்தம் காத்துதான்

ராமநாதபுரத்துல ரோடு சைக்கிள் ஓட்டுறேன்னு சொன்னா மதுரை கோயம்புத்தூர்ப் பக்கம் ஓட்டுற ஆளுங்க எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்குறாங்க, அங்க ஏத்தமே கிடையாதே, சும்மா மிதிச்சா போயிரும்ல அப்படின்னு. ஏத்தம் கிடையாதுங்கிறது நெசம்தான். எங்க ஊர்ல மேடுன்னா ஒண்ணு கண்மாய்க் கரை, இல்ல ஆத்துப் பாலம், அதையும் விட்டா பாம்பன் பாலம். 80 கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து, போன தூரம் ஏறின மேடெல்லாம் கணக்கு வைக்கிற ஸ்ட்ராவா ஆப்புல பாத்தா ஏறின உயரம்னு ஒரு தென்னைமரம் ரெண்டு தென்னைமரம் கணக்குதான் காட்டும். ஆனா அது காத்தைக் காட்டாதே. மணிக்கு 25 கிலோமீட்டர்ல போறோம், எதிர்க்க 20 கிலோமீட்டர்ல காத்து வருதுன்னா நம்ம நெஞ்சுல அடிக்கிறது 45 கிலோமீட்டர் காத்து. மலை ஏத்தத்துலயாச்சும் உச்சின்னு ஒண்ணு வரும், அந்தப் பக்கம் எறங்கலாம். காத்துக்கு உச்சி கிடையாது, வீடு வந்து சேர்ற வரைக்கும் அது பாட்டுக்கு அடிச்சுக்கிட்டே இருக்கும்.

எங்கப்பா எனக்கு சைக்கிள் பழகிக் கொடுத்தப்போ சொன்ன ஒரே பாடம் இதுதான்: "போகையில காத்து மூஞ்சில அடிக்கணும் தாயி, வரையில முதுகுல தள்ளணும்." அப்பா திருப்பாலைக்குடியில இருந்து சைக்கிள்ல மீன் வியாபாரம் பாத்தவரு. அவரைப் பத்தி பின்னாடி சொல்றேன்.

அந்தப் பாடத்தை வச்சுத்தான் இப்ப வரைக்கும் எந்தப் பக்கம் போறதுன்னு முடிவு பண்றேன். ஐப்பசி கார்த்திகையில ஆரம்பிச்சு தை மாசி வரைக்கும் வாடை, வடகிழக்குல இருந்து வரும். அப்ப நான் போறது வடக்க, தேவிபட்டினம், உப்பூர், தொண்டிப் பக்கம். வைகாசி கடைசியில கச்சான் பிடிச்சா ஆவணி வரைக்கும் விடாது, அது தென்மேற்குக் காத்து, அப்ப கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி ரோடு. ரெண்டுமே ஈசிஆர்தான், அதான் கிழக்குக் கடற்கரைச் சாலை, ஆனா ரெண்டும் ரெண்டு உலகம் மாதிரி இருக்கும். ஒரு பக்கம் பாக் நீரிணை, ஊர்ல வடகடல்னு சொல்லுவோம், இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடா, அது தென்கடல். வாடையில வடகடல் கலங்கிக் கிடக்கும், தென்கடல் அமந்து போயிருக்கும், கச்சான்ல அப்படியே தலைகீழ். அதனால நான் எந்தக் காலத்துல கெளம்பினாலும் கொந்தளிக்கிற கடல் பக்கமாத்தான் போய் நிக்கிறேன். இதை நானா யோசிச்சு வச்சது இல்ல, காத்தை வச்சு ரூட் போட்டா தானா அப்படி அமையுது.

போன தை மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை வெள்ளனவே அஞ்சரைக்கெல்லாம் கெளம்பி காரங்காடு போனேன். தேவிபட்டினம் வரைக்கும் 15 கிலோமீட்டர் இருக்கும், இருட்டுல லைட்டைப் போட்டுக்கிட்டுப் போயிட்டேன். விடியும்போது நவபாஷாணம் பக்கம் நின்னு ஒரு டீ. கடலுக்குள்ள நிக்கிற ஒம்பது கல்லும் அன்னைக்கு அலையில பாதி முங்கித்தான் இருந்துச்சு. அதைத் தாண்டினதும்தான் எனக்குப் பிடிச்ச ரோடு. இடது பக்கம் வயல், வலது பக்கம் உப்பளமும் சீமைக்கருவேலமும், அதுக்கு அங்கிட்டு எங்கயோ கடல், கண்ணுக்குத் தெரியாது, வாசம் மட்டும் வரும். ரோட்டுல ஒரு காரைப் பாத்தா அடுத்த கார் வர பத்து நிமிஷம் ஆகும். அந்த மாசம் நெல்லு அறுப்பு நேரம், வானம் பாத்த பூமியில வெதச்ச நெல்லு, அறுத்த நெல்லை ரோட்டுலயே காயப் போட்டிருப்பாங்க. அதுல டயரை விட்டா வழுக்கும், அதோட அது ஒரு வருசத்துக்கான சோறு, சுத்திப் போறதுதான் மரியாதை. இன்னும் ஒரு மாசம் கழிச்சு வந்தா இதே எடத்துல மொளகா காயும், குண்டு குண்டா, 2023ல புவிசார் குறியீடு வாங்குன எங்க ஊரு முண்டு மொளகா. அந்த செவப்புக்குப் பக்கத்துல மூச்சு வாங்க மிதிச்சுக்கிட்டுப் போனா தொண்டை கமறும், ஆனாலும் அந்த வாசத்துக்காகவே மாசியில ஒரு தடவை போவேன்.

உப்பூர் வெயிலுகந்த விநாயகர் கோயில் தாண்டினப்போ காத்து நல்லா ஏறிருச்சு. 17, 18க்கு மேல வேகம் போக மாட்டேங்குது. இந்த எடத்துல நெறைய பேரு கியரைக் கூட்டி முட்டுவாங்க, அப்படிப் பண்ணா முட்டிதான் போகும். மலையில ஏறுற மாதிரியே சின்ன கியரைப் போட்டு, முழங்கையை மடக்கி, ஹேண்டில்பார்ல தாழ உக்காந்து, வேகத்தைப் பாக்காம மூச்சை மட்டும் பாத்துக்கிட்டுப் போகணும். ஒரு பாலத்துக்கிட்ட ஆடு ஓட்டிக்கிட்டு வந்த அப்பத்தா ஒருத்தங்க, "எங்கிட்டு தாயி இம்புட்டு வெள்ளன, பஸ்ஸு வரலையா?"ன்னு கேட்டாங்க. சும்மாதான் அப்பத்தா, காரங்காடு வரைக்கும்னேன். "சும்மாவா?"ன்னு ஒரு தடவை கேட்டுட்டு இடுப்புல முடிஞ்சு வச்சிருந்த கொடுக்காப்புளியில ரெண்டு எடுத்துக் கொடுத்தாங்க. பாலத்துச் சுவர்ல உக்காந்து தின்னுட்டுத்தான் போனேன்.

காரங்காடு ஈசிஆர்ல இருந்து கிழக்க உள்ள போகணும். கோட்டக்கரை ஆறு கடல்ல சேர்ற எடம். ஆறுன்னா பெருசா நினைக்க வேணாம், வருசத்துல பாதி நாள் மணலாக் கிடக்கிற ஆறுதான், ஆனா கடைசியில கழிமுகத்துக்கு வந்ததும் ரெண்டு பக்கமும் அலையாத்திக்காடு பச்சைப் பசேல்னு அடைச்சுக்கிட்டு நிக்கும். வனத்துறையும் ஊர்க்காரங்களும் சேந்து அதுக்குள்ள படகு விடுறாங்க. நான் படகுல போகல, கரையில உக்காந்து கொண்டுபோன இட்லியைத் தின்னேன். மூணு மணி நேரமா காதுக்குள்ள அடிச்ச காத்து அந்த மரத்துக்குப் பின்னாடி உக்காந்ததும் நின்னு போச்சு. அந்த அமைதி காதுல வலிக்கிற மாதிரி இருந்துச்சு. மேக்க ஓடுற ஆறுங்களுக்கு அணையும் படித்துறையும் கோயிலும்னு ஆயிரம் பெருமை உண்டு, எங்க ஊருக்கு வந்து சேர்றது ஆத்தோட கடைசி மட்டும்தான். வைகையும் அப்படித்தான், வருசநாட்டு மலையில பொறந்து 258 கிலோமீட்டர் வந்து ராமநாதபுரம் பெரிய கண்மாயை ரொப்பிட்டு, மிச்சம் இருந்தா மட்டும் ஆத்தங்கரையில கடலைப் பாக்கும். அதுக்குப் பக்கத்து அழகன்குளத்துல தோண்டினப்போ ரோமானியக் காசெல்லாம் கெடைச்சிருக்கு, அத்தனை பெரிய துறைமுகமா இருந்த எடம் இப்ப தென்னந்தோப்பும் அமைதியுமா இருக்கு. உச்சிப்புளியில திரும்பி அந்தப் பக்கம் ஒரு தடவை போய்ப் பாருங்க.

திரும்பி வரும்போது சொல்லணுமா, வாடை முதுகுல கைய வச்சுத் தள்ளுது, 32, 33ன்னு ஓடுது வண்டி. அதுலதான் பஞ்சர். சீமைக்கருவேல முள்ளுதான், வேற என்ன. இந்தப் பக்கம் ஓட்ட வர்றவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், 25 மில்லிமீட்டர் அகல டயரை வீட்டுலயே வச்சுட்டு வாங்க, 28, முடிஞ்சா 32 போடுங்க, ரெண்டு டியூப் எடுத்துக்கங்க, டியூப் மாத்துறதுக்கு முன்னாடி டயருக்கு உள்ள விரலை மெதுவா ஓட்டி முள்ளு மொனை இருக்கான்னு பாருங்க. மொனை உள்ளயே ஒடிஞ்சு இருக்கும், பாக்காம புது டியூப் போட்டா ஒரு கிலோமீட்டர்ல அதுவும் போகும். எனக்குப் போயிருக்கு. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணி ஊத்திக் கழுவி செயினுக்கு எண்ணெய் விட்ரணும், உப்புக்காத்து ரெண்டு நாள்ல துரு ஏத்திரும்.

கச்சான் காலத்து ரோடு பத்தி அதிகம் சொல்லல. கெளம்பினதும் சக்கரக்கோட்டை கண்மாய், 2025ல ராம்சார்ங்கிற உலக ஈரநிலப் பட்டியல்ல சேந்துச்சு, மழைக்குப் பின்னாடி தண்ணி இருந்தா பறவைங்க நெறைஞ்சு கிடக்கும், ஆடியில வெறும் வெடிச்ச மண்ணுதான். சாயல்குடிப் பக்கம் பனங்காடு வந்துரும், காத்துல பனையோலை போடுற சத்தம் மழை பெய்யிற மாதிரியே இருக்கும். பாம்பன் பாலம் மட்டும் கச்சான்ல வேணாம். பழைய ரயில் பாலத்துல 2022 வரைக்கும் ரயில் ஓடினப்போ, காத்து மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினா சிக்னல் தானா செவப்பாகி ரயிலை நிறுத்திரும். பக்கத்துல உள்ள ரோட்டுப் பாலத்துல நமக்கு அப்படி ஒரு சிக்னல் கிடையாது. ஒரு ஆனி மாசம் பக்கவாட்டுல அடிச்ச காத்துல நான் ரோட்டுக்கு நடுவுல போயிட்டேன், பின்னாடி வந்த பஸ்காரர் தூரத்துலயே பிரேக் போட்டதால இன்னைக்கு எழுதிக்கிட்டு இருக்கேன்.

இப்ப அப்பா விஷயம். அவரு ஓட்டுனது திருப்பாலைக்குடியில இருந்து உப்பூர் போயி, அங்கருந்து மேற்க ஆர்.எஸ்.மங்கலம் ரோட்டுல உள்ள ஊருங்க. விடியக்காலம் கரையில ஏலம் முடிஞ்சதும் காரலும் சூடையும் நண்டும் கூடையில ஏத்தி கேரியர்ல கட்டிக்கிட்டுப் போவாரு, வித்துட்டு மத்தியானம் சாப்பாட்டுக்கு வருவாரு. "நாரை பறக்காத நாப்பத்தெட்டு மடைக் கண்மாய்"னு சொல்லுவாங்கள்ல, அந்த மங்கலம் கண்மாய்க் கரையில நின்னு தண்ணி குடிச்ச கதையெல்லாம் சொல்லுவாரு.

இந்தப் பங்குனியில அந்த ரோட்டை அவரு போன நேரத்துலயே ஓட்டிப் பாத்தேன். வாடை ஓஞ்சு கச்சான் பிடிக்காத மாசம். அந்த மாதிரி மாசத்துல கரையோரம் வீசுறது தரைக்காத்தும் கடக்காத்தும்தான். ராத்திரி தரை சீக்கிரம் ஆறிரும், கடல் ஆறாது, அதனால விடியுற வரைக்கும் காத்து தரையில இருந்து கடலுக்குப் போகும். வெயில் ஏறினா தரை கொதிச்சு அந்தக் காத்து மேல கெளம்பும், அந்த எடத்துக்குக் கடல்ல இருந்து காத்து உள்ள வரும். காலையில நான் மேற்க போறேன், தரைக்காத்து லேசா மூஞ்சில அடிக்குது. பதினொண்ணரைக்கு மங்கலத்துல இருந்து திரும்புறேன், கடக்காத்து பலமா மூஞ்சில அடிக்குது.

போகையிலயும் எதிர்காத்து, வரையிலயும் எதிர்காத்து. அவரு போனது கியர் இல்லாத ஹெர்குலஸ் வண்டி, பின்னாடி ஐஸும் மீனும். எனக்கு அந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தவருக்கு அவரு ரோட்டுல அது ஒரு நாளும் வாய்ச்சிருக்காது.

வீட்டுக்கு வந்து கேட்டேன், ஏம்ப்பா, ரெண்டு பக்கமும் எதிர்காத்துன்னு நீங்க சொன்னதே இல்லையேன்னு. ஈசி சேர்ல படுத்திருந்தவரு கண்ணைத் தொறக்காமலே சொன்னாரு, "மீனு கெட்டுப் போறதுக்குள்ள போகணும், இதுல காத்தை எங்கிட்டுப் பாக்குறது."

அடுத்த ஞாயிறு அவரைப் பின்னாடி கார்ல வரச் சொல்லியிருக்கேன், தம்பி ஓட்டுறான். மங்கலம் கண்மாய்க் கரையில எந்த மடைக்கிட்ட தண்ணி குடிச்சாருன்னு காட்டுறாராம்.