ஒன்றரை ஷிப்ட் பிள்ளைகள்

திருப்பூரில் 'ஒன்றரை ஷிப்ட்' என்றால் விளக்கம் தேவைப்படாது. காலை எட்டரைக்கு பனியன் கம்பெனிக்குள் போனால் இரவு எட்டரைக்கு வெளியே வருவது. ஷிப்மென்ட் நெருங்கினால் அதற்கும் மேலே. எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளில் பலருக்கு அம்மா, அப்பா இரண்டு பேருமே இப்படி வேலைக்குப் போகிறவர்கள். தேனி, திண்டுக்கல், மதுரைப் பக்கமிருந்து பிழைக்க வந்து லைன் வீடுகளில் குடியிருப்பவர்கள். பள்ளி விடுவது நாலு மணி வாக்கில். அம்மா வீடு வந்து சேர ஒன்பது ஆகிவிடும். நடுவில் உள்ள ஐந்து மணி நேரத்தை ஒரு பிள்ளை எப்படிக் கழிக்கிறது என்று பதினோரு வருஷம் பாடம் நடத்திய பிறகுதான் நான் யோசித்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

யோசிக்க வைத்தவன் நாலாம் வகுப்புப் பையன் ஒருவன். கொரோனா வந்து பள்ளியை மூடியபோது அவன் ஒன்றாம் வகுப்பு. கம்பெனிகளும் மூடிவிட்டதால் குடும்பமே ஊருக்குப் போனது. வேலை திரும்பியதும் அம்மாவும் அப்பாவும் மட்டும் வந்தார்கள். அவன் அப்பத்தாவிடம் இருந்தான். 2021 நவம்பர் 1-ஆம் தேதி ஒன்று முதல் எட்டு வரைக்குமான வகுப்புகள் திறந்தபோது அவனைக் கூட்டி வந்து மூன்றாம் வகுப்பில் உட்கார வைத்தார்கள். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், மற்ற பிள்ளைகளின் பென்சிலை உடைப்பான், நாலு மணிக்கு மணி அடித்தாலும் வீட்டுக்குக் கிளம்ப மாட்டான், அவ்வளவுதான்.

அப்போது எங்கள் வகுப்பில் ஒரு விதி வைத்திருந்தேன். வீட்டுப்பாட நோட்டில் தினமும் பெற்றோர் கையெழுத்து வாங்கி வர வேண்டும். அவன் நோட்டில் ஒரு நாள் கூடத் தவறாமல் கையெழுத்து இருந்தது. நானும் டிக் போட்டுக்கொண்டே வந்தேன். ஒரு புதன்கிழமை நோட்டைப் புரட்டியபோது வியாழன், வெள்ளிக்கும் கையெழுத்து இருந்தது. ஒரே நாளில், ஒரே பேனாவில், வாரம் முழுவதற்கும் போட்டு வைத்திருந்தான்.

நான் அடிக்கவில்லை. ஆனால் நோட்டைத் தூக்கி வகுப்பு முழுவதற்கும் காட்டினேன். "சாருக்கு நாளைக்கு நடக்கப்போறது எல்லாம் இன்னைக்கே தெரியுது" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் சேர்த்துத்தான் தடை செய்கிறது. டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வுக்கு அதை மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். அந்தப் பிரிவு எனக்கு அன்று ஞாபகம் வரவில்லை.

மறுநாள் அம்மாவை வரச் சொன்னேன். அரை நாள் கூலியை விட்டுவிட்டு, தலையில் பஞ்சுத் தூசியோடு வந்தார். நான் சொல்லி முடிப்பதற்குள் அவன் முதுகில் ரெண்டு வைத்தார். நான் தடுத்தபோது என் பக்கம் திரும்பினார்.

"நான் வர்றப்ப இவன் தூங்கிருவான் டீச்சர். காலைல சோறாக்கி டப்பாவுல போடறதுக்குள்ள கம்பெனி வண்டி வந்துரும். நோட்ட எப்ப பாக்குறது, சொல்லுங்க?"

பார்வையாளர் பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொன்னேன். எழுத்து எழுத்தாக, நிறுத்தி நிறுத்திப் போட்டார். கடைசி எழுத்து கீழே சரிந்தது. நோட்டில் அவன் போட்ட கையெழுத்திலும் கடைசி எழுத்து அப்படியே சரிந்திருந்தது. பாஸ் புத்தகத்தைப் பார்த்துப் பழகினானாம். எத்தனை தடவை எழுதிப் பார்த்திருப்பான்!

இருவராலும் முடியாத ஒன்றைக் கேட்டுவிட்டு, முடியாமல் போனதற்கு அவனைத் திருடனாக்கியிருக்கிறேன். அதன் பிறகு ரெண்டு மாதம் அவன் என்னிடம் வாய் திறக்கவில்லை. பென்சில் உடைப்பதுகூட நின்றுபோனது. பக்கத்து வகுப்பு ஆசிரியர் "பரவாயில்லையே, அடங்கிட்டான்" என்றார். எனக்கு அது அடங்கியதாகத் தோன்றவில்லை.

தினசரிக் கையெழுத்தை எடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை இரவு மட்டும் ஒரு வரி. அம்மாவோ அப்பாவோ எழுதலாம், எழுத வராதவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளை எழுதலாம். பாடத்தைப் பற்றி இருக்க வேண்டிய அவசியமில்லை. முதல் வாரம் வந்தவை எல்லாம் 'நன்றாகப் படிக்க வேண்டும்' ரகம். போகப்போக 'இன்று மீன் குழம்பு', 'பல் விழுந்தது' என்று வர ஆரம்பித்தன. அவன் அம்மா ஒரு தடவை 'வாரம் பூரா நல்லா இருந்தான்' என்று எழுதச் சொல்லியிருந்தார். அவன் என்னிடம் வந்து, "வாரம் பூரா எங்கம்மா என்னப் பாக்கவே இல்ல டீச்சர்" என்று திருத்தம் சொன்னான். அந்த ரெண்டு மாதத்துக்குப் பிறகு என்னிடம் அவன் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

சனிக்கிழமை இங்கே சம்பள நாள். சில வீடுகளில் சனி இரவு என்ன நடக்கிறது என்பது திங்கள் காலை வகுப்பில் தெரியும். தூக்கம், அழுகை, காரணமில்லாத சண்டை. திங்கட்கிழமைத் தேர்வுகளைச் செவ்வாய்க்கு மாற்றினேன். வட்டார வள மையத்தில் குழந்தைகள் மனநலம் பற்றிய பயிற்சிக்கு நானும் போயிருக்கிறேன். தினமும் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் மனம்விட்டுப் பேசுமாறு பெற்றோருக்கு அறிவுறுத்துங்கள் என்றார்கள். ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்து அடுப்புப் பற்ற வைக்கும் பெண்ணிடம் இதை எந்த வாயால் சொல்வது? நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். வண்டி ஏறும் முன்பு பிள்ளையை எழுப்பி, "போயிட்டு வர்றேன், ராத்திரி இத்தனை மணிக்கு வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். எத்தனை மணி என்று தெரிந்தால் காத்திருப்பதற்கு ஒரு முனை கிடைக்கிறது.

எங்கள் பிள்ளைகளிடம் ஒரு சொல் இருக்கிறது: "ஒரு மாதிரியா இருக்கு டீச்சர்." பயம், ஏக்கம், அவமானம், பசி எல்லாம் அதற்குள் அடக்கம். முன்பெல்லாம் "என்ன மாதிரி? ஒழுங்காச் சொல்லு" என்பேன். இப்போது "எங்க ஒரு மாதிரியா இருக்கு?" என்று கேட்கிறேன். கை தானாக வயிற்றுக்கோ நெஞ்சுக்கோ தொண்டைக்கோ போகும். வயிறு என்றால் முதலில் சாப்பாட்டைக் கேட்டுவிடுவது நல்லது. 2023 ஆகஸ்ட் 25-இல் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த பிறகு, எங்கள் வகுப்புகளில் பத்து மணி வயிற்று வலி பெரும்பாலும் காணாமல் போனது. நான் பயம் என்று நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி வெறும் பசி.

பிள்ளைகள் தங்கள் குறைகளைச் சீட்டில் எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டியையும் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளியில் அதைத் தலைமையாசிரியர் அறை வாசலில் மாட்டியிருந்தோம். மாதக்கணக்கில் ஒரு சீட்டு கிடையாது. பிள்ளைகளுக்குக் குறையே இல்லை என்று நாங்களும் திருப்தியாக இருந்தோம். அப்புறம் சுவருக்கு வெள்ளை அடிக்க வேண்டி அதைக் கழற்றி, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மாட்டினார்கள். அந்த வாரமே ஏழு சீட்டு. நாலு கழிப்பறைக் குழாய் பற்றி. ஒன்று எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர். மற்ற ரெண்டும் நிஜமாகவே பேச வேண்டியவை.

அதில் ஒன்று ஏழாம் வகுப்புப் பெண் தன் தோழியைப் பற்றி எழுதியது. அந்தத் தோழி ரெண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை, யாரோடும் பேசவில்லை. என் பேச்சால் தீருகிற விஷயமில்லை என்று புரிந்தது. குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைத்தோம், அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கும் போகச் சொன்னோம். "பைத்தியம்னு பேரு வந்துரும்" என்று அம்மா பயந்தார். தலைமையாசிரியை கூடவே பஸ்ஸில் போனார். உள்ளே என்ன பேசினார்கள் என்று நாங்கள் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

இவ்வளவு பேசுகிறேனே, என் வீட்டில் என்ன வாழ்கிறது? எட்டாவது படிக்கும் என் மகள் ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். "என்னாச்சு கண்ணு?" என்று கேட்டு, அவள் ரெண்டு வரி சொல்வதற்குள் நான் நாலு யோசனை சொல்லிவிட்டேன். "அம்மா, வீட்லயாவது டீச்சரா இருக்காதீங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். யோசனை சொல்லாமல் கேட்டுக்கொண்டிருப்பது எனக்கு இன்னும் வரவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டால் கொஞ்சம் வாய் அடங்குகிறது.

அந்தப் பையன் இப்போது ஏழாம் வகுப்பு. மீசை அரும்பப் பார்க்கிறது. போன மாதம் ஒரு திங்கட்கிழமை, மேசைப் பக்கம் வந்து நின்றான்.

"ஒரு மாதிரியா இருக்கு டீச்சர்."

"எங்க?"

நெஞ்சைத் தொட்டான். "இன்னைக்குச் சொல்ல வேணாம். நாளைக்குச் சொல்றேன்."

சரி என்றேன். செவ்வாய்க்கிழமை அவன் வரவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க அன்று ரொம்பச் சிரமப்பட்டேன். புதன்கிழமை மதியம், சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொல்ல ஆரம்பித்தான். தட்டு சுத்தமான பிறகும் கழுவிக்கொண்டே இருந்தான். நான் குழாயை மூடச் சொல்லவில்லை.