டைலேட்டர் செட் வாங்கியாச்சு, அடுத்து?

வெஜைனிஸ்மஸ், அதாவது பிறப்புறுப்புக்குள் எதையும் நுழைக்க முடியாமல் தசை இறுகும் பிரச்சினை, இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் பாதை குறுகலாக இருப்பதில்லை. உள்ளே ஏதோ வரப்போகிறது என்றதுமே பிறப்புறுப்பைச் சுற்றியுள்ள இடுப்புத்தளத் தசை தானாக இறுகிவிடுகிறது. "சவ்வு தடிப்பா இருக்கு, வெட்டிடலாம்" என்று செய்யும் ஆபரேஷன் பலருக்கு உதவாததும் இதனால்தான். டைலேட்டர் என்பது சின்னதிலிருந்து பெரியதுவரை பல சைஸில் வரும் வழவழப்பான உருளை. அதன் வேலை விரிப்பதல்ல, தசையைப் பழக்குவது.

முதலில் கைனகாலஜிஸ்ட். பூஞ்சைத் தொற்று, தோல் நோய், குறுக்குச் சவ்வு இல்லை என்று உறுதியாக வேண்டும். பஞ்சுக்குச்சியால் வாசலை லேசாகத் தொட்டாலே சுரீரென்று எரிந்தால் அதற்குத் தனி வைத்தியம் உண்டு. பால் கொடுப்பவர்களுக்கும் மாதவிடாய் நின்றவர்களுக்கும் வறட்சியே காரணமாக இருக்கலாம். ஈஸ்ட்ரோஜன் கிரீம் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

இனி பயிற்சி. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, இரண்டு பக்கமும் தலையணை வையுங்கள். ஐந்து நிமிடம் வயிறு உப்பும்படி மூச்சு. டைலேட்டரின் நுனியிலும் வாசலிலும் தண்ணீர் சார்ந்த ஜெல் தாராளமாகத் தடவுங்கள். சிறுநீர் கழிக்கும்போது விடுவதுபோல் கீழே லேசாகத் தளர்த்தி, மிகச் சிறியதை முதுகெலும்பின் அடிப்பக்கம் பார்த்துச் சாய்வாகத் தள்ளுங்கள். தொப்புளை நோக்கி நேராகத் தள்ளினால் முட்டும். "உள்ளே சுவர் இருக்கு" என்று பலர் சொல்வதற்குச் சில சமயம் இந்தக் கோணத் தவறும் காரணம். உள்ளே போனதும் அசைக்காமல் பத்து நிமிடம் விடுங்கள். அழுத்தம் தெரிவது சரி. வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று பார்த்து, மூன்றைத் தாண்டினால் கொஞ்சம் வெளியே இழுத்து மூச்சு விடுங்கள். பல்லைக் கடித்துத் தள்ளினால் தசை இன்னும் பயம் கற்றுக்கொள்ளும்.

அடுத்த சைஸ் போகவில்லையா? பழைய சைஸை ஐந்து நிமிடம் வைத்து எடுத்த கையோடு புதியதை முயலுங்கள்.

கீகல் பயிற்சி, அதாவது இடுப்புத்தளத் தசையை இறுக்கிப் பிடிக்கும் பயிற்சி, இங்கே எதிர்விளைவு தரலாம். ஏற்கெனவே இறுகிய தசையை மேலும் இறுக்கலாம். சிலிகோன் டைலேட்டருக்குச் சிலிகோன் ஜெல் ஆகாது, மேற்பரப்பு கெடலாம். தேங்காய் எண்ணெய் லேட்டக்ஸ் ஆணுறையைப் பலவீனமாக்கும், கிழியலாம். பயிற்சி நடக்கும் நாட்களில் "இன்னைக்கு ஒருதடவை முயற்சி பண்ணலாமே" என்று உடலுறவுப் பேச்சே வேண்டாம்.

இடுப்புத்தள பிசியோதெரபிஸ்ட் கிடைத்தால் வேலை பாதி குறையும். பயம் அதிகமென்றால் கூடவே மனநல ஆலோசனை. இவை கைகொடுக்காதபோது போடாக்ஸ் ஊசி. தசை சுமார் மூன்று, நான்கு மாதம் தளர்ந்திருக்கும், அதற்குள் டைலேட்டர் பழகவில்லையென்றால் காசு வீண்.

குழந்தை வேண்டும் என்று வீட்டில் நச்சரித்தால், ஊசி இல்லாத சிரிஞ்சில் விந்துவைச் செலுத்தும் வழியை டாக்டரிடம் கேளுங்கள். சிகிச்சை தன் போக்கில் நடக்கட்டும்.