பசந்தர் இரவு: சாப்பர் ஓவியத்தில் முடிந்ததும் மிச்சமும்

பாளையங்கோட்டையில் முன்னாள் படைவீரர்கள் கூடும் ஒரு மண்டபத்துச் சுவருக்கான படம். டிசம்பர் 16-க்குள் மாட்டியாக வேண்டும். அளவு மூன்றடிக்கு நாலடி. 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் ஷக்கர்கர் பகுதியில், மதராஸ் சாப்பர்ஸ் என்னும் போர்ப் பொறியாளர் படையின் 9-வது பொறியாளர் ரெஜிமென்ட் பசந்தர் ஆற்றை ஒட்டிய கண்ணிவெடி வயலில் பாதை திறந்த இரவுதான் பொருள்.

முதலில் வெளிச்சம். அந்த டிசம்பர் 17 அமாவாசை. ஆகவே 15-ஆம் தேதி இரவுக் காட்சியில் நிலா வரவே கூடாது. அடிவானத்தில் பீரங்கிச் சுடரும், பாதையின் இரு ஓரத்தையும் காட்டும் வெள்ளை நாடாவும் மட்டுமே வெளிச்சம். வழி பாதிதான் துப்புரவாகியிருந்தது. எதிரி டாங்கிகள் நெருங்குவதாகத் தகவல் வரவே, நம் டாங்கிப் படையான 17 பூனா ஹார்ஸின் செஞ்சூரியன் டாங்கிகள் அப்படியே உள்ளே இறங்கின. அதனால் நாடா கித்தானின் நடுவிலேயே நின்றுவிடுகிறது. சட்டத்தின் விளிம்புவரை அதை இழுத்தால் படமே பொய்.

கித்தானுக்கு ஆடியிலேயே ஜெஸ்ஸோ என்னும் வெள்ளை அடிப்பூச்சு, மூன்று பூச்சு. ஒவ்வொன்றும் காய்ந்ததும் 220-ஆம் நம்பர் உப்புத்தாள். செங்கோட்டைக் கணவாய்க் காற்று அடிக்கும் மாதம் என்பதால் ஜன்னலை அடைத்துக்கொண்டுதான் பூச வேண்டும், இல்லாவிட்டால் புழுதி ஒட்டிச் சொரசொரக்கும். மலிவு என்று சுவர் ப்ரைமர் அடிப்பவர்கள் உண்டு. கித்தான் தளர்ந்து இறுகும்போது அது வெடித்து உதிரும்.

எண்ணெய் வண்ணம் மழைக்காலத்தில் காய மறுக்கும் என்பதால் அக்ரிலிக். இருட்டுக்குக் கறுப்பு ட்யூபைத் தொடவில்லை. அல்ட்ராமரைன் இரண்டு பங்கு, பர்ன்ட் அம்பர் ஒரு பங்கு: இந்த இருட்டுக்கு ஆழம் உண்டு, கறுப்பு தட்டையாகக் கிடக்கும். அக்ரிலிக் காய்ந்தால் ஒரு படி கறுக்கும். ஈரத்தில் சரியாகத் தெரிந்தால் மறுநாள் உருவங்கள் காணாமல் போகும். வானத்தை இழைக்க, காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சேர்க்கலாம், ஆனால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் பிசுபிசுப்பு விடாது.

செஞ்சூரியனின் உயரம் ஏறக்குறைய 3 மீட்டர், அகலம் 3.39. நிற்கும் ஆள் ஆறங்குலம் என்றால், அதே தூரத்தில் டாங்கி பத்தரை அங்குல உயரம், முன்பக்கம் பன்னிரண்டு அங்குல அகலம். பக்கத்துக்கு ஆறு சக்கரம். ஊர்ச் சந்தியில் நிற்கும் டி-55 டாங்கியைப் பார்த்து வரைந்தால் ஐந்தாகிவிடும். பழைய படைவீரர் முதலில் எண்ணுவது அதைத்தான்.

உடை வெறும் ஆலிவ் பச்சை, புள்ளி போட்ட சீருடை அல்ல. துப்பாக்கி எஸ்.எல்.ஆர், இன்சாஸ் பிறக்காத காலம். சாப்பர்ஸின் அழகான துப்டா தொப்பி அணிவகுப்புக்கானது, இங்கே இரும்புத் தலைக்கவசம்தான். முன்னால் இருப்பவர் குப்புறப் படுத்து, குத்துக்கோலை ஏறக்குறைய 30 பாகை சாய்வில் மண்ணுக்குள் விடுகிறார். செங்குத்தாகக் குத்தினால் கண்ணியின் மேல்தட்டில் அழுத்தம் விழும்; சாய்வாகப் போனால் பக்கவாட்டில் தட்டும். இந்தக் கோணம் தவறினால் சாப்பர்கள் சிரிப்பார்கள்.

மிச்சம் இருப்பது முகங்களும் வார்னிஷும். முகத்துக்கு முன், அந்தப் படையில் இருந்த ஒருவரிடம் கரிக்கோட்டு நிலையிலேயே காட்டித் திருத்திக்கொள்வது நல்லது. வார்னிஷ் மேட் மட்டுமே. பளபளப்பு பூசிய இருட்டுப் படத்தில் ட்யூப்லைட்தான் தெரியும். ஐப்பசி ஈரத்தில் பூசினால் வெண்மை படரும், ஆகவே மழை விட்டு இரண்டு நாள் வெயில் காய்ந்த பிறகு.