கொல்லம் எவ்வளவு பெரியவன்?

டோல்கீனின் 'தி ஹாபிட்' நாவல் 1989இல் காமிக்ஸாக வந்தது. வாட்டர்கலரில் வரைந்தவர் டேவிட் வென்சல். மூலத்தின் வரிகளை நிறையவே அப்படியே வைத்திருக்கிறார்கள். "படத்தைவிட எழுத்துதான் அதிகம்" என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். எனக்கு அதுதான் பிடித்தது. அந்தக் கதைசொல்லியின் குரல் போய்விட்டால் மிச்சம் வெறும் டிராகன் வேட்டைதானே!

ஆனால் நிலத்தடி ஏரியில் தனியாக வாழும் கொல்லம் (Gollum) என்ற விசித்திரப் பிராணி வரும் அத்தியாயம் எந்த ஓவியரையும் திணற வைக்கும். கும்மிருட்டுச் சுரங்கம். கதைநாயகன் பில்போ தரையைத் தடவித் தடவிப் போகும்போதுதான் அந்த மாய மோதிரம் கையில் தட்டுப்படுகிறது. வாசிக்கிற நமக்கும் கண் தெரியாது, காது மட்டும்தான். காமிக்ஸில் கட்டம் முழுக்கக் கறுப்பைப் பூசிவிட்டுப் போக முடியுமா? எங்கிருந்தோ கொஞ்சம் வெளிச்சம் கொண்டுவந்தே ஆகவேண்டும்.

இன்னொன்று, உருவம். 1937இல் வந்த முதல் பதிப்பில் கொல்லம் எவ்வளவு பெரியவன் என்றே சொல்லப்படவில்லை. மூமின் கதைகளைப் படைத்த டூவே யான்சன் 1962 ஸ்வீடிஷ் பதிப்புக்கு வரைந்தபோது, பில்போ பக்கத்தில் அவனை ராட்சதனாகவே நிறுத்திவிட்டார்! 'சின்ன, வழுவழுப்பான பிராணி' என்ற விவரம் அதற்குப் பிறகுதான் மூலத்தில் ஏறியது.

நாவலை வாசிக்காத பிள்ளைகளுக்குக் காமிக்ஸை முதலில் கொடுக்காதீர்கள். அவர்களுடைய கொல்லத்தை அவர்களே ஒருமுறை கற்பனை செய்து பார்க்கட்டும். அடுத்த வாரமே வென்சலைக் கையில் கொடுங்கள்.