சத்தம் நின்ற தாடை

ஆகஸ்ட் 4, 2025, திங்கள்

வலது காதுக்கு முன்னால் 'டக்'கென்று ஒரு சத்தம், பத்து வருஷமாக. கொட்டாவி விட்டால் டக், வடையைக் கடித்தால் டக். வலி இல்லாததால் யாரிடமும் முறையிட்டதில்லை. தம்பி பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. "அத்தை, டக் போடுங்க" என்று காதை என் கன்னத்தில் ஒட்டிவைத்துக் கேட்பார்கள்.

இன்று காலை பட்டர்வொர்த்தில் பினாங்கு ஃபெர்ரி ஏறுமுன் நாசி லெமாக் பசியாறும்போதுதான் கவனித்தேன், சத்தத்தைக் காணோம். விட்டது சனியன் என்று சந்தோஷப்பட்டேன். நெத்திலியும் கச்சானும் (வேர்க்கடலை) மெல்லும்போது காது கொஞ்சம் விண்ணென்றது. ஃபெர்ரிக் காற்றாக இருக்கும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

காற்று இல்லை. மூன்று நாளாகக் காது அடைத்த மாதிரி, உள்ளே யாரோ விரலை வைத்து அழுத்துகிற மாதிரி. கன்னப்பொறியிலும் வலி, அதுவும் காலையில் எழுந்ததும்தான் அதிகம். அம்மா பூண்டு தட்டிப் போட்ட எண்ணெயைக் காய்ச்சிக் காதில் விட்டார். வேண்டாம் என்று சொல்ல நேரம் கொடுக்கவில்லை.

மதியம் பீச் ஸ்திரீட் ஆபீசுக்குப் பக்கத்திலுள்ள கிளினிக்குக்குப் போனேன். எண்ணெயைப் பற்றி டாக்டரிடம் திட்டு வாங்கிய பிறகு காதுக்குள் பார்த்தார். செவிப்பறை சுத்தமாக இருக்கிறது, சளி இல்லை, சீழ் இல்லை. அப்புறம் காதுக்குச் சற்று முன்னால் விரலால் அழுத்தி வாயைத் திறக்கச் சொன்னார். உயிர் போனது.

"இது காது இல்ல. தாடை மூட்டு. பல் டாக்டரப் பாருங்க."

அந்த மூட்டுக்குப் போகிற நரம்பின் கிளைகள் காதுப் பக்கமும் போகின்றனவாம். மூட்டு நொந்தால் மூளை அதைக் காதுக் கணக்கில் எழுதிவிடுகிறது. நானும் கணக்கு எழுதுகிறவள்தான். தப்பான பக்கத்தில் பதிவு விழுந்தால் கண்டுபிடிக்க எத்தனை நாளாகும் என்று எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இரவு கண்ணாடி முன்னால் நின்று டாக்டர் சொன்ன சோதனையைச் செய்தேன். ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே நுழைக்கவேண்டும். தன் கையில் மூன்று விரல் போனால் திறப்பு பரவாயில்லை. எனக்கு இரண்டு, அதுவும் இழுத்துப் பிடித்து.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "ராத்திரியில நறநறன்னு பல்லக் கடிக்கிறியே, அதனாலயா?" என்றார்.

"எத்தன நாளா?"

"ஜூலையிலிருந்து ரொம்ப. எலி கரண்டுதுன்னு நெனச்சி ஒருநாள் லைட்டுகூடப் போட்டேன்."

எலிக்கு லைட் போட்ட மனுஷன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஜூலை 1 முதல் எங்கள் கடை அளவிலுள்ள வியாபாரங்களுக்கும் இ-இன்வாய்ஸ் (வரி இலாகாவுக்கு ஆன்லைனில் அனுப்பும் பில்) கட்டாயம். நான் எதைக் கடித்தேன் என்று புரிகிறது.

ஆகஸ்ட் 13, புதன்

பல் டாக்டர் சின்ன வயது மலாய்ப் பெண். "காக், புக்கா முலுட்" என்றார். திறந்தேன். வாய்க்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் முதலில் ஒரு ஸ்கேலை வைத்து அளந்தார். 28 மில்லிமீட்டர். 40க்கு மேல் இருக்கவேண்டுமாம். கண்ணாடியைக் கையில் கொடுத்து மெதுவாகத் திறந்து மூடச் சொன்னார். என் தாடை நேராக இறங்காமல் வலப்பக்கம் கோணிக்கொண்டு போனதை நானே பார்த்தேன். இத்தனை நாள் லிப்ஸ்டிக் போட்ட கண்ணாடியில் அது ஏன் தெரியவில்லை?

நாக்கை நீட்டச் சொன்னார். ஓரம் முழுக்கப் பல் பதிந்த நெளிவு. கன்னத்தின் உட்புறம் பற்கள் சேரும் உயரத்தில் ஒரு வெள்ளைக் கோடு. கோரைப்பற்களின் கூர் தேய்ந்து தட்டையாகிவிட்டது. இவை பல்லைக் கடிக்கும் பழக்கத்துக்கான தடயங்கள். இதை மட்டும் வைத்து மூட்டு கெட்டுப்போனது என்று சொல்லமாட்டேன் என்றும் சேர்த்துச் சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

சத்தம் நின்றதை நல்ல சேதி போலச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

தாடை மூட்டு வெறும் கதவுக் கீல் இல்லை. கீழ்த்தாடை எலும்பின் உருண்ட முனை, காதுக்கு முன்னால் இருக்கும் குழியில் முதலில் சுழல்கிறது. வாய் இன்னும் அகலத் திறக்க, அந்த முனை குழியைவிட்டு முன்னால் வழுக்கிக்கொண்டு வருகிறது. நடுவில் மெத்தை மாதிரி ஒரு சின்னத் தட்டு. எனக்கு அந்தத் தட்டு பல வருஷமாகவே முன்னால் நழுவிக் கிடந்திருக்கிறது. திறக்கும்போதெல்லாம் முனை அதன்மேல் தாவி ஏறியிருக்கிறது. அந்தத் தாவல்தான் டக். இப்போது ஏற முடியவில்லை. வாசல் மிதியடி சுருண்டு கதவடியில் மாட்டிக்கொண்ட மாதிரி. அதனால் சத்தமும் இல்லை, திறப்பும் இல்லை.

வலியில்லாத வெறும் சத்தம் எத்தனையோ பேருக்கு இருக்கிறது, அதற்கு வைத்தியமே தேவைப்படாது என்றார். சத்தத்தோடு வலி சேர்ந்தால், தாடை இடையிடையே மாட்டிக்கொண்டு விட்டால், அப்போது வந்திருக்கவேண்டும். எனக்கு ஏப்ரலில் இரண்டு தடவை அப்படி மாட்டியது. கையால் ஆட்டிச் சரிசெய்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

எக்ஸ்ரேயில் தட்டு தெரியாது, எம்ஆர்ஐயில்தான் தெரியும். இப்போதைக்கு அது வேண்டாம் என்றார். ஆபரேஷன் என்ற பேச்சும் இல்லை. பெரும்பாலானவர்களுக்குக் கத்தியில்லாமலே குறைந்துவிடுமாம். இரவில் பல்லில் மாட்டிக்கொள்ளும் உறைக்கு (நைட் கார்டு) அச்சு எடுத்தார். விலையைக் கேட்டு வாயைப் பிளந்திருப்பேன், முடிந்தால்தானே.

ஆகஸ்ட் 25, திங்கள்

பல்லும் பல்லும் சும்மா இருக்கும்போது தொடவே கூடாதாம். உதடு மூடியிருக்கலாம், பல் விலகியிருக்கவேண்டும். எனக்கு இது புதுச் சேதி. கம்ப்யூட்டர் ஓரத்தில் ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டி, கண்ணில் படும்போதெல்லாம் பல்லைச் சோதிக்கிறேன். காலையில் மட்டும் பதினோரு தடவை பிடிபட்டேன். அதில் எட்டு தடவை, முதலாளி எங்கள் அறைப் பக்கம் நடமாடும்போது.

"பல்லக் கடிச்சிக்கிட்டுப் பொறுத்துப் போ" என்று கல்யாணத்தன்று அம்மா சொன்னதை இன்று போனில் ஞாபகப்படுத்தினேன். அம்மா சிரிக்கவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

இட்லி, கஞ்சி, அவித்த பூசணி. காலை, மாலை வெந்நீர்த் துண்டு ஒத்தடம். கொட்டாவி வந்தால் நாடிக்குக் கீழே கைமுட்டியை முட்டுக்கொடுக்கிறேன். சுவிங்கம் இல்லை, கையில் நாடியைத் தாங்கி உட்காருவதும் இல்லை. வாய்த் திறப்பு இப்போது 33 மில்லிமீட்டர்.

என் கதையைக் கேட்ட அத்தை, "எனக்கும் வாய் தெறக்கல, உன் வியாதிதான்" என்றார். எனக்குச் சந்தேகம். மூட்டில் அழுத்தினால் அவருக்கு வலியே இல்லை. மிளகாய் பட்டால் வாய் எரிகிறது, கன்னத்தின் உட்புறம் வெளுத்து விறைத்திருக்கிறது. முப்பது வருஷமாக வெற்றிலை பாக்கு. டாக்டரிடம் கூட்டிப்போனேன். பாக்கால் கன்னத்துச் சதை இறுகியிருக்கிறதாம்; புற்றுநோயாக மாறக்கூடியது என்பதால் விடாமல் கண்காணிக்கவேண்டும். அத்தை வெற்றிலைப் பெட்டியை அங்கேயே என் கைப்பையில் போட்டார். முழுசாக விடுவாரா என்று பார்க்கவேண்டும்.

வயதானவர்களைப் பற்றி டாக்டர் இன்னொன்றும் சொன்னார். ஐம்பது தாண்டியவருக்குப் புதிதாகக் கன்னப்பொறி வலி வந்து, சாப்பாட்டை மெல்லும்போது தாடை அசந்து, பார்வையும் மங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம், கண்ணே போய்விடும். நடந்தால் தாடை வலித்து, நின்றால் விடுகிறதென்றால் இருதயத்தைப் பார்க்கவேண்டும்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

39. மூன்றாவது விரல் நகம்வரை போகிறது. காது அடைப்பு போய்விட்டது. இவர் இரவில் எலிச் சத்தம் இல்லை என்கிறார்.

அம்மா முறுக்கைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தார். குழந்தைக்குக் கொடுக்கிற மாதிரி இருந்தது, இரண்டு தின்றேன்.

தம்பி மகன் மடியில் ஏறிக் காதை என் கன்னத்தில் ஒட்டினான். "அத்தை, டக் போடுங்க." திறந்தேன், மூடினேன். கொஞ்ச நேரம் கேட்டுப் பார்த்துவிட்டு, "உள்ள யாரும் இல்ல" என்று இறங்கிப் பட்டாசு பார்க்க ஓடினான்.